செவலைக்கோழியின் ஓரவஞ்சனை

அந்தக் காலத்தில், கோழியும் குருவியும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, குஞ்சுகள் முட்டையை உடைத்து வரும்போதே இறகும் நிறமுமாகத்தான் வரும். செவலைக்குப் பிறந்தது சிவப்பு, கருங்கோழிக்குப் பிறந்தது கறுப்பு. எந்த இனம் என்று யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு செவலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புதரில் அடையிருந்த கருங்கோழியை நரி கவ்வியது. நரியின் வாயில் போகும்போதே கருங்கோழி, "அக்கா, என் முட்டையையும் உன் சூட்டில வச்சுக்கோ" என்று கத்தியது. செவலைக்கு மனசு கேட்கவில்லை. புதரில் கிடந்த அதன் இரண்டு முட்டைகளையும் உருட்டி வந்து தன் வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

சிவப்பும் கறுப்புமாகக் குஞ்சுகள் பொரிந்தன. செவலை வித்தியாசம் பார்க்காமல்தான் மேய்த்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒருநாள் பருந்து பாய்ந்தது. செவலை இறக்கையை விரித்தது. சிவப்புக் குஞ்சுகள் உள்ளே நுழைந்ததும் மூடிவிட்டது. பாவி, இன்னும் ஒரு மூச்சு நேரம் பொறுத்திருக்கலாம். கறுப்பில் ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. மற்றது வேலிமுள்ளுக்குள் புகுந்து பிழைத்தது.

அதன்பிறகு அது செவலையின் இறக்கைக்குள் வரவே இல்லை.

"வா கண்ணு, மழை வருது" என்றது செவலை.

"எங்களைப் பார்த்துட்டுத்தானே மூடினே?"

குஞ்சு விடிய விடிய நனைந்து நடுங்கியது. இன்னொரு மழைக்கு அது தாங்காது.

இறகுக்கு நிறம் கொடுப்பவள் மண்ணாத்தாள். செவலை அவளிடம் போய் அழுதது. "என் கண்ணைப் பிடுங்கிடு தாயே. எது என்னுதுன்னு எனக்குத் தெரியவே வேண்டாம்."

"கண்ணைப் பிடுங்கினா பருந்தை யார் பார்ப்பா?" என்றாள் மண்ணாத்தாள். "குஞ்சுங்க இறகை வாங்கிக்கிறேன். எல்லாம் ஒரே மஞ்சள் பஞ்சா இருக்கட்டும். ஆனா இறகு திரும்ப முளைக்கும், நிறமும் தெரியும். அதுக்கு மேல என்னால ஆகாது."

செவலை திரும்பி வந்தபோது எல்லாக் குஞ்சுகளும் ஒன்றுபோல இருந்தன.

"இப்ப நான் யாருன்னு உனக்குத் தெரியாதில்ல?" என்று அவற்றில் ஒன்று கேட்டது.

"தெரியாது" என்றது செவலை. அன்று மழையில் எல்லாம் அதன் இறக்கைக்குள் படுத்தன.

நாள் போகப் போக இறகு அரும்பியது. சிவப்பு, சிவப்பு, பிறகு ஒரு கறுப்பு. பருந்தின் நிழல் தரையில் ஓடியது. செவலையின் இறக்கை தானாகச் சிவப்பின் பக்கம் சாய்ந்தது. பருந்து இறங்காமலே போய்விட்டது, ஆனால் இறக்கை சாய்ந்ததைக் கறுப்புக் குஞ்சு பார்த்துவிட்டது.

செவலை எழுந்து குஞ்சுகளைக் கொத்தத் தொடங்கியது. முதலில் தான் பெற்றதைத்தான் கொத்தியது.

"நாங்க என்னம்மா செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யலை. போங்க. யாரும் இனி என்கிட்ட வராதீங்க."

அன்று முதல்தான் கோழிக்குஞ்சு எந்த இனம் என்று இறகு முளைக்கும்வரை யாருக்கும் பிடிபடுவதில்லை. பிடிபட்ட பிறகு, தாய் அதைத் தன் பக்கத்தில் அண்டவிடுவதில்லை.