கூப்பிடாத பெயர்

கருமாதியன்று ஐயர் பெயர் கேட்டார். செத்தவளின் புருஷன் மாசிலாமணிக்கு அது வாயில் வரவில்லை. மகள்தான் சொன்னாள்.

நாற்பது வருஷம் பெண்டாட்டியை 'இந்தா' என்றே கூப்பிட்ட மனுஷன். பஸ் கண்டக்டராக இருந்தவர். மறுநாளே வீட்டைவிட்டு வந்து மலையடி மடத்தில் விழுந்து கிடந்தார். மடத்துச் சாமியம்மா அவரைவிட வயதில் இளையவள். ஆனால் என்ன, குரு குருதான்.

"இந்தப் பாவம் எப்படிம்மா தீரும்?"

"வெயில் ஏறுமுன்னே கிளம்புங்க. மலைக்குப் போவோம்."

வைகாசி. கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. சரிவு முழுக்கப் பூ. கால் வைக்க இடமில்லை.

"பார்த்து! சின்னராசுவை மிதிக்கப் போறீங்க."

மாசிலாமணி குனிந்து பார்த்தார். ஒரு ஊதாப் பூ.

"இதுக்குப் பேரு சின்னராசுவா?"

"என்கூட மாடு மேய்ச்சவன். ஆத்தோட போயிட்டான். அந்தா, பாறையோரம் மஞ்சளா நிக்கிறது எங்க அத்தை. கூட்டம் இல்லாம ஒரு இடத்துல நிக்க மாட்டா."

"நிசப் பேரு என்னம்மா?"

"யாரு கண்டா? வருஷா வருஷம் வருதுங்க. பார்த்தா கூப்பிட வேண்டாமா?"

ஏறினார்கள். சாமியம்மா ஒன்றைக் கொஞ்சினாள், ஒன்றை வைதாள். ஒன்றிடம் மட்டும் குனிந்து, இதழில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஈரப்பாறையில் மாசிலாமணிக்குக் கால் வழுக்கியது.

"இந்தா!" என்று கத்திவிட்டார்.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"அடியா?"

"இல்லம்மா. நான் இந்தான்னா, 'இந்தான்னா யாரு?'ன்னு அடுப்படியிலேருந்து கேப்பா. தினமும் கேப்பா. சிரிச்சுக்கிட்டே கேப்பா. நானும் சிரிச்சுட்டு, பையைத் தூக்கிட்டு டூட்டிக்குப் போயிருவேன்."

"ஊர் ஊராப் பேர் கத்தி ஆள் இறக்கினவரு!" சாமியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேட்டவ கேட்டபடி நிக்கிறா. பதில் சொல்லுங்க."

பாறை இடுக்கில் ஒரு சின்ன வெள்ளைப் பூ ஆடிக்கொண்டிருந்தது. மாசிலாமணி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். பூவின் பக்கம் குனிந்தார்.

"இந்தா..." என்றார்.

"இந்தான்னா யாரு?" என்றாள் சாமியம்மா.

"சிவபாக்கியம்."