ஜெனரல் ஏந்தி நின்ற தட்டு

பவேரியா மலையடிவாரத்து மடம் ஒன்றில் பழைய ஜெனரல் ஒருவர் சீடராகச் சேர்ந்தார். எகோன் லாம்பெர்க் என்று பேர். இரண்டு உலகப் போரிலும் ஜெர்மனிக்காகச் சண்டை போட்டவர். சாதாரண லெப்டினன்டாக நுழைந்து, பெரும்படையையே நடத்துகிற அளவுக்கு உயர்ந்தவர். அவர் விரலைக் காட்டினால் பீரங்கி திரும்பும். இப்போது மடத்துச் சமையலறையில் தட்டு கழுவுகிறார். குரு கிளமென்ஸ் அவரைவிட வயதில் ரொம்பவே இளையவர்.

ஒருநாள் ஜெனரல் குருவிடம் வந்தார்.

"இரண்டாம் போரில் கிழக்கிலிருந்து பின்வாங்கும்போது ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னேன், சாமி. ஜனங்கள் உள்ளே இருந்தார்கள். தீ வைத்தவன் வெண்ட் என்கிற சிப்பாய். போர் முடிந்து, உத்தரவு போட்டது யார் என்று கோர்ட்டில் கேட்டபோது, தெரியாது என்றேன். அவன் இன்னும் ஜெயிலில் இருக்கிறான்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அந்தக் கோர்ட் அம்பைத்தான் நொந்தது.

"ஜெபம் செய்கிறேன், தட்டு கழுவுகிறேன். வெட்கம் போகமாட்டேன் என்கிறது. கண்ணாடி பார்த்துச் சவரம்கூடச் செய்ய முடியவில்லை. என்ன செய்ய?"

"சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. தட்டுகளை அனுப்புங்கள்" என்றார் குரு.

சமையலறையில் லோரென்ஸ் இருந்தார். காலைச் சாய்த்து நடக்கிற நடுவயதுத் துறவி. தட்டுகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார். ஜெனரலுக்குப் பொறுக்கவில்லை. பழகிய வாய் சும்மா இருக்குமா?

"எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டு போ."

"சரிந்துவிடும், ஐயா."

"சொன்னதைச் செய்."

லோரென்ஸ் செய்தார். வாசற்படியில் அத்தனையும் சரிந்து நொறுங்கின.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது உடைத்தவர், உடைந்த துண்டை இரு கையிலும் ஏந்திச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிற்க வேண்டும். குரு உட்காரச் சொல்லும்வரை சாப்பாடு கிடையாது. லோரென்ஸ் துண்டுகளோடு போய் நின்றார். யார் சொல்லித் தூக்கினேன் என்று வாய் திறக்கவில்லை. ஜெனரல் தன் இடத்தில் உட்கார்ந்து கிண்ணத்துச் சூப்பில் கரண்டியை விட்டார்.

வாய்வரை போன கரண்டி அப்படியே இறங்கியது. வெண்டும் கோர்ட்டில் இப்படித்தான் நின்றான். திரும்பித் திரும்பி இவரைப் பார்த்தான். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனரல் எழுந்து போனார். லோரென்ஸ் கையிலிருந்த துண்டுகளை வாங்கி ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார்.

"நான்தான் தூக்கச் சொன்னேன்" என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

"லோரென்ஸ், நீங்கள் உட்காருங்கள்" என்றார் குரு.

எல்லாரும் சாப்பிட்டுப் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். ஜெனரலின் சூப் ஆறிப்போயிருந்தது. குரு மட்டும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி, நான் உட்காரலாமா?"

"லோரென்ஸ் உட்கார்ந்துவிட்டார்" என்றார் குரு. "வெண்ட் இன்னும் நிற்கிறாரே."