செதிலி தோண்டிய ஊற்று

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. அது பாறைக்கு அடியில் ஊற்றெடுத்து நிறையும் இடத்துக்கு மேல்மடு என்று பெயர். கீழே மணல்வெளியில் தேங்கும் இடம் கீழ்மடு. மேல்மடுவில் எருமைகள் குடித்தன, குளித்தன, நாள் முழுக்கப் புரண்டன, சாணமும் போட்டன. அதெல்லாம் எங்கே போகும்? நேராகக் கீழ்மடுவுக்குத்தான். முயல், முள்ளம்பன்றி, அழுங்கு என்று சின்ன உடம்புக்காரர்கள் அதைத்தான் குடிக்க வேண்டும். என்ன அநியாயம் பாருங்கள், பிள்ளைகளே!

அங்கே செதிலி என்றொரு அழுங்கு இருந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் செதில், எறும்புதான் சாப்பாடு. அழுங்குகள் குட்டியை வால்மேல் சுமக்கும். செதிலியின் குட்டிக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. வாலைப் பற்றிக்கொள்ளத் தெம்பில்லாமல் நடுவழியில் சொத்தென்று விழுந்துவிட்டது. பெற்றவள் சும்மா இருப்பாளா? குட்டியை முள்ளம்பன்றியிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று மேல்மடுவுக்கு ஏறினாள்.

எருமைத் தலைவர் கொம்பையன் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தார்.

"தலைவரே, நீங்கள் புரண்ட தண்ணீரைக் குடித்து என் பிள்ளை சாகக் கிடக்கிறது. நீங்கள் கீழ்மடுவுக்கும் கீழே போய்ப் புரளக் கூடாதா? இல்லையென்றால் எங்களையும் இங்கே வந்து குடிக்க விடுங்கள்" என்றாள் செதிலி.

"மேலும் கீழும் ஒரே ஓடைதானே? நாங்கள் குடிப்பதைத்தானே நீங்களும் குடிக்கிறீர்கள்?"

"இல்லை. நீங்கள் குளித்ததை நாங்கள் குடிக்கிறோம்!"

கொம்பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெரிய உடம்புக்கு மேல்மடு, சின்ன உடம்புக்குக் கீழ்மடு. இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு குடி. அழுக்கு தெரியாது!" என்றார்.

எருமைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. செதிலிக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் குட்டியின் தாகம் தீருமா?

இறங்கி வந்தவள், ஓடையை விட்டு நன்றாகத் தள்ளிப்போய் மணலைப் பறிக்கத் தொடங்கினாள். கரையான் புற்றையே கிழிக்கிற நகம் அல்லவா!

முயல் ஓடி வந்தது. "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? மணலில் ஏது தண்ணீர்?"

"அடியில் இருக்கிறது. மணல் அழுக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மட்டும் விடும். வாய் பார்க்காமல் நீயும் தோண்டு!"

முயல் தோண்டியது. முள்ளம்பன்றி வந்து கற்களை உருட்டிப் போட்டது. பொழுது சாய்வதற்குள் குழியில் ஈரம் கசிந்தது. முதலில் வந்தது கலங்கல். அதை இலையால் இறைத்தார்கள். மறுபடி ஊறியது, மறுபடி இறைத்தார்கள். நாலாவது முறை ஊறியதில் குழியின் அடிமணல் பளிச்சென்று தெரிந்தது.

குட்டி குடித்தது. நான்கு நாளில் தாயின் வாலை இறுகப் பிடித்துக்கொண்டது. "நம் ஊற்று! நாமே தோண்டிய ஊற்று!" என்று சின்ன உடம்புக்காரர்கள் அன்று போட்ட கூத்தைச் சொல்லி மாளாது.

கோடை வந்தது. மேல்மடுவில் எருமைகள் மிதித்த மிதியில் ஊற்றுக்கண்ணே சேற்றில் அடைபட்டுவிட்டது. தண்ணீர் போய் நாற்றம்தான் மிஞ்சியது. தாகம் தாளாமல் எருமைக்கூட்டம் திமுதிமுவென்று இறங்கி வந்தது.

"பெரிய உடம்புக்குத்தான் முதல் தண்ணீர்! விலகுங்கள்!" என்று கொம்பையன் கர்ஜித்தார்.

முயல் புதருக்குள் பாய்ந்தது. ஆபத்து வந்தால் அழுங்குகள் பந்தாகச் சுருண்டுகொள்ளும். செதிலி சுருளவில்லை. ஊற்றின் விளிம்பில் தலை நிமிர்ந்து நின்றாள்.

"தாராளமாகக் கால் வையுங்கள், தலைவரே. நீங்கள் மிதித்தால் மணல் சரியும். ஊற்று மூடிக்கொள்ளும். அப்புறம் தோண்ட உங்களுக்கு நகம் இருக்கிறதா?"

கொம்பையன் தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். அவருடைய கன்று வறண்ட நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அவர் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. "செதிலி, கன்றுக்காவது ஒரு வாய்..." என்றார்.

"தாகம் என்று வந்தவரைத் துரத்த எங்களுக்குத் தெரியாது. கன்று முதலில் குடிக்கட்டும். உங்களுக்கு வேறு ஊற்று, கரைக்குக் கல் கட்டித் தோண்டித் தருகிறோம். ஆனால் ஒன்று. மேல்மடுவில் நீங்கள் மிதித்த சேற்றை நீங்களே அள்ள வேண்டும். இனி அது எல்லோருக்கும் குடிநீர். புரள்வதென்றால் கீழ்மடுவுக்கும் கீழே போய்ப் புரளுங்கள்."

"அது எங்கள் மடு..." என்று இழுத்தார் கொம்பையன்.

"தண்ணீரை நீங்களா ஊறவைத்தீர்கள்?"

கொம்பையன் கன்றைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். கன்று குடித்தது, எருமைகளுக்கும் தனி ஊற்று தோண்டியாயிற்று. மறுநாளே எருமைகள் கொம்பால் குத்திக் குத்திச் சேற்றை வாரின. ஏழாம் நாள் பாறைக்கு அடியில் ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் குதித்துக்கொண்டு வந்தது.

அன்று செதிலி மேல்மடுவுக்கு ஏறிப் போனாள், தன் கூட்டம் முழுவதையும் அழைத்துக்கொண்டு. இந்தத் தடவை கெஞ்சப் போகவில்லை, குடிக்கப் போனாள். அவள் வயிறாரக் குடித்தாள். அடுத்து முயல் குடித்தது. முயலுக்குப் பின்னால், தன் முறை வரட்டும் என்று வரிசையில் நின்றார் கொம்பையன்.

நீதி: நல்ல தண்ணீர் எல்லோருக்கும் பொது, அதைக் கலக்குகிறவருக்கு முதல் உரிமை கிடையாது.