மைனாவும் மண் பூசிய பொந்தும்

ஒரு காட்டில் எல்லா மரமும் காய்ந்து நின்ற கோடையில், ஓர் அத்திமரம் மட்டும் பழுத்தது. சும்மா பழுக்கவில்லை, குழந்தைகளே! அடிமரத்திலிருந்து நுனிக்கிளை வரை, இடம் போதாமல் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பழுத்தது.

காடே அங்கு கூடிவிட்டது. பச்சைப்புறாக்கள் வந்தன. குக்குறுவான் பறவைகள் "குட்ரூ! குட்ரூ!" என்று கத்திக்கொண்டு வந்தன. மலையணில் வாலைத் தொங்கவிட்டபடி வந்தது.

ஒரு மலைமைனாவும் வந்தது. அதற்கு வராத குரலே கிடையாது. புறாவைப் போல முனகும். அணிலைப் போலச் சிரிக்கும். பன்றியைப் போலத் தும்மி, பன்றியையே திரும்பிப் பார்க்க வைக்கும்.

"ஏ மைனா, கொஞ்சம் தள்ளி உட்காரேன்" என்றது அணில்.

"தள்ளணுமா? எல்லாரையும் சேர்த்தே தள்ளிடுறேன், பாரு!"

மைனா தொண்டையைச் சரிசெய்துகொண்டு கழுகைப் போலக் கத்தியது. "கீ...ஈஈ...யாக்!"

அவ்வளவுதான். மரம் காலி!

மைனா கிளையில் உருண்டு உருண்டு சிரித்தது. பிறகு தின்றது. தொண்டை வரை தின்றது. ஆனாலும் பக்கத்துக் கிளையைப் பார்த்ததும் அதற்கு நெஞ்சு படபடத்தது. 'அந்தப் பழம் உதிர்ந்துட்டா? இந்தப் பழத்தை வௌவால் தின்னுட்டா?' தின்ற பழம் மறந்துபோனது. தின்னாத பழம்தான் கண்ணிலேயே நின்றது.

அப்போது வானத்தில் ஒரு சத்தம் கேட்டது. "ஹூஷ்... ஹூஷ்... ஹூஷ்..."

இருவாச்சி! சிறகை ஓர் அடி அடித்தால் இலையெல்லாம் நடுங்கும், அவ்வளவு பெரிய பறவை. அது பழங்களைப் பறித்துத் தொண்டைக்குள் போட்டது. ஒன்றைக்கூட விழுங்கவில்லை. அப்படியே பறந்துபோனது.

"தின்னாம போறாரே! இவருக்கு என்ன ஆச்சு?" என்று மைனா பின்னாலேயே போனது.

தூரத்து மரத்தில் ஒரு பொந்து. குஞ்சு பத்திரமாக வளர, இருவாச்சிகளே அதன் வாயை மண்ணால் பூசி அடைத்திருந்தன. நடுவில் ஒரு சிறிய கீற்று மட்டும் இருந்தது. இருவாச்சி ஒவ்வொரு பழமாகத் தொண்டையிலிருந்து எடுத்துக் கீற்றில் கொடுத்தது. உள்ளிருந்து ஓர் அலகு வாங்கிக்கொண்டது.

"நன்றி ஆண்டவரே, எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றது உள்ளேயிருந்த தாய்ப்பறவை.

மைனாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உள்ளே ஒரே இருட்டு. இறகெல்லாம் உதிர்ந்து, குஞ்சோட அடைஞ்சு கிடக்கு. இதுக்குக் குறையே இல்லையாம்!"

மறுநாளும் காடு மரத்தில் கூடியது. மைனா மறுபடியும் கழுகானது. "கீ...ஈஈ...யாக்!"

எல்லாரும் சிதறிப் பறந்தார்கள். தொண்டை நிறையப் பழத்தோடு இருந்த இருவாச்சியும் பதறி எழும்பியது. சிறகு ஒரு கிளையில் மோதியது. தொப்பென்று கீழே புதருக்குள் விழுந்தது. பழங்கள் சிதறின.

"யாராவது இருக்கீங்களா?" புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னாலே பறக்க முடியலை! பொந்துக்குள்ளே என் குஞ்சு பசியோட இருக்கு. யாராவது இருக்கீங்களா?"

யாரும் இல்லை. யாரும் இல்லாமல் செய்ததே மைனாதானே!

மைனா இலைக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு பழத்தைக் கொத்தியது. தின்னாமல் புதரை எட்டிப் பார்த்தது. 'சரி, பொந்துக்குப் போய் அவர் மாதிரிச் சத்தம் கொடுப்போம். ஆளு வந்துட்டாருன்னு நினைச்சுக்கட்டும். நல்ல வேடிக்கையா இருக்கும்' என்று தனக்கே சொல்லிக்கொண்டது. தனக்கென்று பறித்த அந்தப் பழத்தைக் காலில் இடுக்கிக்கொண்டு பறந்தது.

பொந்தின் முன்னால் உட்கார்ந்து, "ஹூஷ்... ஹூஷ்..." என்றது.

உடனே கீற்றில் அலகு நீண்டது. பழம் வருவதற்கு முன்பே நன்றி வந்தது. "நன்றி ஆண்டவரே! முதல்ல குஞ்சுக்குக் கொடுக்கிறேன். ஏங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"

மைனா வாயைத் திறந்தது.

இருவாச்சியின் குரலில் பதில் சொல்லலாம். அணிலின் குரலிலும் சொல்லலாம். ஆனால் ஒரு குரலும் வரவில்லை. 'நீ சாப்பிட்டாயா' என்று மைனாவை இதுவரை யாருமே கேட்டதில்லை.

அலகு காத்திருந்தது. மைனா தன் பழத்தை மெல்ல அதில் வைத்தது.

பிறகு கீற்றில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தது. இருட்டுக்குள் ஒரு குஞ்சு. இறகு முளைக்காத கழுத்து ஆடியது. பழம் உள்ளே இறங்குவது தோல் வழியாகவே தெரிந்தது. குஞ்சு கண்ணை மூடித் தாயின் மேல் சாய்ந்தது.

மைனா கீற்றை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு பழம். அதுவும் தான் தின்னாத பழம். ஆனால் தொண்டை வரை தின்றபோது நிறையாத ஏதோ ஒன்று, இப்போது நிறைந்து வழிந்தது.

மைனா பறந்தது. இன்னொரு பழம் கொண்டு வந்தது. மறுபடியும் பறந்தது. வெயில் சாயும்வரை ஓயவில்லை.

"நீ அவர் இல்லை" என்றது தாய். "அவர் தொண்டை நிறையக் கொண்டு வருவார். நீ ஒன்னு ஒன்னாக் கொண்டு வர்றே. முதல் பழத்திலேயே தெரிஞ்சுது."

"நான் மைனா" என்றது அது. "கழுகு மாதிரிக் கத்தினது நான்தான், அக்கா. மாமாவுக்குச் சிறகிலே அடி. என்னாலதான்."

தாயின் அலகு சட்டென்று கீற்றுக்கு வெளியே நீண்டது.

"உயிரோட இருக்காரா?"

"இருக்கார் அக்கா."

"அப்போ அவருக்கும் ஒரு பழம் கொண்டு போ, தம்பி."

மைனா அத்திமரத்துக்கு விரைந்தது. புறாக்களைப் புறாவின் குரலில் அழைத்தது. குக்குறுவான்களைக் குக்குறுவானின் குரலில் அழைத்தது. அணில் மட்டும் தூரத்துக் கிளையிலிருந்து, "இது என்ன புது விளையாட்டு?" என்று கேட்டது.

"விளையாட்டு இல்லை! நான் கழுகு மாதிரிக் கத்தினதுல இருவாச்சி மாமா அடிபட்டுப் புதருக்குள்ளே கிடக்கார். இனிமே கத்த மாட்டேன், தின்னுங்க! ஆளுக்கு ஒன்னு பொந்துக்கும் புதருக்கும் கொண்டு போங்க!"

காடே தின்றது, காடே சுமந்தது. மரம் காலியாகிவிடும் என்று மைனா நினைத்தது. விடிந்ததும் பார்த்தால், நேற்றுக் காயாக இருந்ததெல்லாம் சிவந்து நின்றது. மறுநாளும் அப்படியே. மைனா அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றது.

இருவாச்சியின் சிறகு ஆறியது. மழை தொடங்கிய ஒரு காலையில் பொந்தை அடைத்த மண்சுவர் உடைந்தது. குஞ்சு தலையை நீட்டி, நனைந்த காட்டை முதல்முறை பார்த்தது. பிறகு எதிரே இருந்த மைனாவைப் பார்த்தது.

"நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது.

மைனா சொன்ன பதில் புறாவின் குரலிலும் இல்லை, கழுகின் குரலிலும் இல்லை. காட்டில் யாரும் அதுவரை கேட்காத குரல் அது.

"நிறைஞ்சிருச்சு!"

நீதி: நிறைவான வாழ்வு ஆண்டவர் தருவது, அதைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் நம் உள்ளம் நிரம்புகிறது.