கிளம்பின அன்னைக்கு இருந்த மாதிரியே

முன்னொரு காலத்திலே, ரொம்ப முன்னால் என்றும் சொல்ல முடியாது, ஊருக்கு ஒரே ஒரு பஸ் மத்தியானம் வந்து, டிரைவர் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் நின்று, வந்த வழியே திரும்பிப் போன காலத்திலே, வளைஞ்சகுளம் என்கிற ஊரில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவன் கொம்பையா. கடைசி மாடக்கண்ணு. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மீசை இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை, அது ஆவுடையப்பனின் பெண்டாட்டி இசக்கியம்மாளிடம் இருந்தது.

அந்த வருசக் கோடைக்கு நாலு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இருந்த இசக்கியம்மாளின் ஆத்தா வீட்டுக்குப் போனார்கள். நாற்பது நாள் அருவியில் குளித்தார்கள், பலாப்பழம் தின்றார்கள், வயிறு வலித்தது, சுக்குக் கஷாயம் குடித்தார்கள், மறுபடியும் பலாப்பழம் தின்றார்கள். ஊர் திரும்புகிற நேரத்தில் இசக்கியம்மாள், ஆத்தாளுக்குக் கூழ்வத்தல் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொன்னாள்.

போன வருசமும் இப்படித்தான் இவர்களை முன்னால் அனுப்பினாள். நாள்பட்டுப் பூட்டிக் கிடந்த வீடு, நல்லாக் காத்தாட விடுங்க என்று சொல்லி அனுப்பினாள். அவள் வந்து பார்த்தபோது கூரையில் ஒரு ஓடுகூட இல்லை. காற்று நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அதனால் இந்தத் தடவை விரலை நீட்டிச் சொன்னாள்.

"ஒரு வேலையும் செய்ய வேண்டாம். நாம கிளம்பின அன்னைக்கு வீடும் தோட்டமும் எப்படி இருந்துதோ, வெள்ளிக்கிழமை நான் வாரப்ப அப்படியே இருக்கணும். ஒண்ணே ஒண்ணு மாறியிருந்தாலும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிருவேன். பொறவு ஆடி கழிஞ்சுதான் வருவேன்."

இசக்கியம்மாள் ஏசாத நாளில் ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்காது. ஆடி கழிகிற வரைக்கும் என்றால் ஆளே இறங்கிவிடுவார்.

ஊர் வந்து சேர்ந்து பார்த்தால், எதுவுமே அப்படியே இல்லை.

பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் சொன்ன சொல் தவறாமல் நாற்பது நாளும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். பூசணிக்கொடி வாசலை மறித்துப் படுத்திருந்தது. கிளம்பின அன்றைக்குச் சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்த புடலம்பிஞ்சுகள் இப்போது பந்தலில் இருந்து முழங்கால் வரைக்கும் தொங்கின. சுருளாமல் நேராக வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் பேச்சித்தாய் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

ஆவுடையப்பன் டிரங்குப்பெட்டியைத் தலையில் இருந்து இறக்காமலே எண்ணிப் பார்த்தார். பதினொரு காய். பதினொரு மாற்றம். ஒரு மாற்றத்துக்கே பஸ் ஏறிவிடுவாள்.

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றான் மாடக்கண்ணு. அன்றைக்குப் பந்தலில் பிஞ்சு இருந்ததே, வெறும் பந்தலைக் காட்டினால் அதுவும் மாற்றம்தானே என்றார் ஆவுடையப்பன். கொம்பையா மட்டும் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தான், விட்டான், மறுபடி தூக்கிப் பார்த்தான்.

"அண்ணே, கல்லு கீழே இழுத்துது. காய் கீழே வந்துட்டு."

"ஆமா."

"அப்ப மேலே இழுத்தா?"

"மேலே போகும்."

"போயி, வந்த வழியிலேயே பிஞ்சாயிரும்லா?"

ஆவுடையப்பன் தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். டிரங்குப்பெட்டி கீழே விழுந்தது.

பந்தலுக்கு மேலே நாலு மூங்கிலை நட்டு, குறுக்கே கம்பு போட்டு, ஒவ்வொரு காயின் நுனியிலும் கயிறு கட்டி, கயிற்றைக் கம்புக்கு மேலாக வீசி, மறுபக்கம் கல்லைக் கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பதினொரு புடலங்காயும் வாலை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. காலையில் முழம்போட்டுப் பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை. நாற்பது நாள் வளர்ந்தது ஒரு நாளில் குறையுமா, கொஞ்சம் பொறுமை வேண்டும் என்று கொம்பையா சொன்னான். தினமும் ஒரு கல்லைக் கூட்டினான்.

அடுத்தது கோழி. கிளம்பின அன்றைக்கு அது ஏழு முட்டையின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. இப்போது ஏழு குஞ்சுகளோடு பூசணிக்கொடியில் மேய்ந்துகொண்டிருந்தது. முட்டைக்குள்ளே இருந்து வந்ததற்கு முட்டைக்குள்ளே போகத் தெரியாதா என்று மாடக்கண்ணு கேட்டான். தெரியும்தான், ஆனால் வாசல் உடைந்துவிட்டதே என்றார் ஆவுடையப்பன். கடைசியில் பேச்சித்தாயிடம் போய் ஏழு குஞ்சையும் கொடுத்து ஏழு முட்டை வாங்கிவந்தார்கள். பேச்சித்தாய் காரணம் ஏதும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சீக்கிரமாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோழியைப் பிடித்து முட்டையின் மேல் உட்காரவைத்தார்கள். அது முட்டையைப் பார்த்தது. இவர்களைப் பார்த்தது. பிறகு, சரி போகட்டும் என்பது போல உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்குள்ளே இசக்கியம்மாளின் சொல்லைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர். அது கிளம்பின நாளான சித்திரை பதினெட்டிலேயே நின்றது. மூன்று பேரும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார்கள்.

கிளம்பின அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஆவுடையப்பன் பாதி மோரைக் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு டம்ளர் மோர் ஊற்றி, பாதியைக் குடித்துவிட்டு ஜன்னலில் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க குடிச்சது மேல்பாதியா, கீழ்ப்பாதியா?" என்று கேட்டான் கொம்பையா.

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். மேல்பாதிதான் என்று உறுதியாக ஞாபகம் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பூசணிக்கொடியை வந்த வழியே வேரடி வரைக்கும் சுருட்டி வைத்தாயிற்று. புடலங்காய் மட்டும் இன்னும் இறங்கிவரவில்லை, அதாவது ஏறிப்போகவில்லை. மற்றபடி எல்லாம் ஆயிற்று என்று மூன்று பேரும் வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்கள். அப்போதுதான் ஆவுடையப்பன் சட்டென்று தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"ஏலே, அன்னைக்கு நாம கிளம்பினப்ப வீட்டில யாரு இருந்தா?"

மாடக்கண்ணு விரல்விட்டு எண்ணினான். "யாருமில்ல."

"இப்ப?"

"மூணு பேரு."

பூசணிக்கொடியையும் புடலங்காயையும்விடப் பெரிய மாற்றம் தாங்கள்தான் என்பது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பஸ் வர அரைமணி நேரம்தான் இருந்தது. அன்றைக்கு உடுத்தின வேட்டியையே தேடி எடுத்து உடுத்தினார்கள். டிரங்குப்பெட்டியில் துணியை அடைத்தார்கள். வீட்டைப் பூட்டி, சாவியை அன்றைக்கு மாதிரியே ஆவுடையப்பன் இடுப்பில் செருகிக்கொண்டார். வெயில் கொளுத்தியதால் மாடக்கண்ணு ஆணியில் கிடந்த குடையை வீட்டைப் பூட்டும் முன்னாலேயே எடுத்து விரித்துக்கொண்டான்.

பஸ் வந்தது. வத்தல் டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கியம்மாள் இறங்கினாள். எதிரே பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் பெட்டியோடு நிற்பதைப் பார்த்ததும் எட்டி நடந்து வந்தாள்.

"என்ன ஆச்சு? எங்க போறீய?"

"உங்க ஆத்தா வீட்டுக்கு," என்றார் ஆவுடையப்பன். "நீ சொன்ன மாதிரியே. வீடு பூட்டியிருக்கு, உள்ளே ஆளில்ல, கோழி முட்டையில இருக்கு. ஒண்ணு மாறலை."

டிரைவர் டீக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு சீட்டில் ஏறினார், ஹாரன் அடித்தார். ஆவுடையப்பன் பெட்டியைப் படியில் தூக்கி வைக்கப் போனார். அப்போது அவள் கண் மாடக்கண்ணுவின் தலைக்கு மேலே போயிற்று.

"அன்னைக்கு இந்தக் குடை எங்க இருந்துது?"

அன்றைக்கு மாடக்கண்ணு குடையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்துவிட்டான். அண்ணனிடம் சாவியை வாங்கி வரப்பு வழியாக ஓடி, வீட்டைத் திறந்து, குடையை எடுத்து, பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தான். அவ்வளவு நேரமும் இசக்கியம்மாள் ஏசிக்கொண்டே நின்றாள்.

"ஒண்ணு மாறிட்டுல்லா?" என்றாள் இப்போது. குரல் மட்டும் லேசாக ஆடியது. அது சிரிப்பு என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை.

அவர் பஸ்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சாவியை உருவித் தம்பியின் கையில் திணித்தார்.

"மாடக்கண்ணு, ஓடு. குடையை வீட்டில மறந்து வச்சிட்டு வா."

"மறந்திரக் கூடாதேண்ணே," என்று சொல்லிக்கொண்டே மாடக்கண்ணு வரப்பில் இறங்கி ஓடினான்.

பஸ் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இசக்கியம்மாள் ஏறாமலே அது புறப்பட்டுப் போனதை ஆவுடையப்பன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டின்னைக் கொம்பையாவின் தலையில் ஏற்றிவிட்டு, "நடங்க வீட்டுக்கு," என்றாள். ரோட்டு வழி நெடுக ஏசினாள். போன வருசம் ஓடு பிரித்த கதையில் ஆரம்பித்து, இந்த வருசத்தையும் சேர்த்து ஏசினாள். ஆவுடையப்பனுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வாசலுக்கு வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. குடையை ஆணியில் மாட்டிவிட்டு, பூட்டி, சாவியோடு மாடக்கண்ணு வரப்பு வழியாகவே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பிப் போயிருந்தான். சாவி இல்லாமல் தோட்டத்துப் பக்கம் திரும்பிய இசக்கியம்மாள், வானத்தைப் பார்த்து நின்ற பதினொரு புடலங்காயைக் கண்டாள். அப்படியே டிரங்குப்பெட்டி மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் பேச்சு வரவில்லை, மூச்சும் சரியாக வரவில்லை.

அந்த நேரத்தில் மாடக்கண்ணு வரப்பு வழியாக மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"குடையை மறந்துட்டேன் மதினி," என்றான்.

இடுப்பில் இருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கதவைச் சாத்திப் பூட்டினான். இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டே சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"பாத்தியா," என்றார் ஆவுடையப்பன் பெருமையாக. "அப்படியே அன்னைக்கு மாதிரியே."

மாடக்கண்ணு பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். சாவியை இடுப்பில் செருகினான். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, எப்போதோ போய்விட்ட பஸ் போய்விடப் போகிறதே என்ற கவலையோடு, வரப்பில் இறங்கி வேகமாக நடந்து போனான்.