குதிரைவால் சல்லடை

கம்பம் பள்ளத்தாக்கில் ஞானப்பிரகாசம் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிவப்பு ஒயின் போடுகிறது. அங்கே பீப்பாய் கழுவுகிறவள் செசிலி.

ஒரு நாள், வெளிநாட்டில் ஒயின் படித்த பரிசோதகர் தணிகாசலம் வந்தார். மதிய விருந்தில் குதிரைவாலிச் சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, பாட்டிலைத் திருப்பிப் படித்தார். 'பன்னீர் திராட்சை ஒயின்' என்று இருந்தது.

"பன்னீரைக் கலந்துட்டு, அதை எழுதி வேற ஒட்டியிருக்கீங்களா? அதான் ரோஜா வாசம் தூக்குது. கலந்த பன்னீரை இப்பவே தனியாப் பிரிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா சீல்தான்."

"அது திராட்சையோட பேருங்க" என்று ஞானப்பிரகாசம் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

செசிலி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"பிரிச்சிடலாம் ஐயா. ஆனா அதுக்குக் குதிரைவால் முடியில பின்னின சல்லடை வேணும். குதிரைக்கு நான் எங்க போக? நீங்கதான் மத்தியானம் ரெண்டு தட்டு குதிரைவாலி சாப்பிட்டீங்களே, அதுலேருந்து வாலை மட்டும் எடுத்துக் குடுங்க."

"அது தானியத்தோட பேரும்மா" என்றார் பரிசோதகர்.

சீல் வைக்க எடுத்த அரக்கு மறுபடி அவர் பைக்குள் போனது. கார் ஏறியவரிடம் செசிலி ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"கிளிமூக்கு மாங்காய், ஐயா. உள்ளே கிளியைத் தேடாதீங்க."