ராணி வேண்டாம் என்ற சிலம்பாயி

முன்னொரு காலத்தில், மலைகள் எழுந்து நடந்த காலத்தில், மேகவல்லி ராஜ்யத்துக்கு ஒரு மந்திரவாதி வந்தான். அரண்மனை முற்றத்தில் சதுரங்கப் பலகையை விரித்தான். அதில் நின்ற காய்கள் விரல் உயரம். ஆனால் மூச்சு விட்டன!

“எனக்கு ஒற்றை ராஜா. உங்களுக்கு ராஜாவோடு ஒரு சிப்பாய். என் ராஜாவை மடக்கினால் நான் உங்கள் அடிமை. தவறினால் நீங்கள் கல்!”

ஊரே சிரித்தது. “கட்டிப்போட்ட கோழியைப் பிடிக்கச் சொல்கிறானே!”

தளபதி ஆடினான். அவன் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டதும், அந்நாட்டு வழக்கப்படி முரசு முழங்கியது. சிப்பாய் ராணியாக முடிசூடிக்கொண்டது. மந்திரவாதி கைகொட்டினான்.

“நகர இடமில்லை, என்மேல் அடியுமில்லை! ஆட்டம் சமம், ஆள் கல்!”

தளபதி கல்லானான். இளவரசன் ஆடினான். அதே முரசு, அதே ராணி, அதே கைகொட்டல். அவனும் கல்.

மூன்றாவதாகக் கிளம்பியவன் சடையாண்டி. “தங்கச்சி, உலையை வை. சோறு வேகுமுன் வந்துவிடுவேன்” என்றான் தங்கை சிலம்பாயியிடம்.

கையில் அகப்பையோடு ஓடிவந்த சிலம்பாயி கண்டது கல் அண்ணனை. அழக்கூட வரவில்லை. ஜெயிக்கிற ஆட்டம் எப்படிக் கைநழுவும்?

அவளுக்கு முழு ஆட்டம் தெரியாது. அண்ணனின் கல் காலடியிலேயே கட்டம் கீறி, புளியங்கொட்டைகளை வைத்து, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஆடினாள். தோற்றாள், ஆடினாள், தோற்றாள். ஒருநாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ராணி நேராகவும் பார்க்கிறாள், குறுக்காகவும் பார்க்கிறாள். எதிரி ராஜாவுக்கு மூச்சுவிடவும் இடமில்லை!

மறுநாள் பலகை முன் உட்கார்ந்தாள்.

“ஆரம்பமே தெரியாதவள் முடிவுக்கு வந்துவிட்டாளே!” என்று சிரித்தான் மந்திரவாதி.

அவள் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டது. முரசுக்கோல்கள் எழுந்தன.

“நிறுத்துங்கள்! ராணி வேண்டாம். யானை.”

கோல்கள் நழுவி விழுந்தன. ஆட்ட விதிப்படி யானையும் கேட்கலாம்; ஆனால் அதுவரை யாரும் ராணியைத் தவிர வேறு கேட்டதில்லை. மேகவல்லி மன்னர் சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். “அடி பெண்ணே, புத்தி பேதலித்ததா?”

சிப்பாயே வாய்விட்டுக் கேட்டது: “அம்மா, எனக்கு மகுடம் இல்லையா?”

“மகுடம் வேண்டுமா, ஜெயம் வேண்டுமா?”

சிப்பாய் யானையாகிப் பிளிறியது. யானை நேராக மட்டுமே பார்க்கும். அதனால் மந்திரவாதியின் ராஜாவுக்குப் பலகையோரத்தில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. வேறு வழியின்றி அதில் போய் நின்றது. யானை மூலைக்கு நகர்ந்து அந்த ஓரம் நெடுகத் தும்பிக்கையை நீட்டியது. இப்போது அடியும் உண்டு, ஓட இடமும் இல்லை!

அடிமையாவேன் என்று மந்திரவாதி சொன்ன சொல்லே அவனைப் பிடித்தது. அப்படியே சுருங்கி, விரல் உயரச் சிப்பாயாகிப் பலகையில் விழுந்தான்.

கற்கள் மூச்சு விட்டன. சடையாண்டி கண்ணைக் கசக்கினான்.

“சோறு வெந்ததா, தங்கச்சி?”

“வெந்து, தீய்ந்து, பானையும் உடைந்தது. நீ கல்லாகி ஒரு மாசம், அண்ணா!”

சடையாண்டி வாய் பிளந்து நின்ற நிலையைப் பார்த்து, மறுபடியும் கல்லாகிவிட்டானோ என்று ஊரே பதறியது.

மன்னர் சிலம்பாயிக்குப் பொன் பானை தந்தார். அன்றுமுதல் மேகவல்லியில், சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டாலும், ஆடுபவர் வாய்திறக்கும்வரை முரசு காத்திருக்கிறது.